எட்டு மடங்கு ரேம், அதே காத்திருப்பு

கணினி: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை: மெஷின் புதிது, வேகம் மட்டும் பழையது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: 2 ஜிபி ரேம் இருந்த பழைய கணினியைக் கொடுத்துவிட்டு 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) உள்ள லேப்டாப் வாங்கினேன். இதிலும் சில புரோகிராம்களைத் திறந்தால் மூன்று நொடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்றைய மென்பொருள் தேவைக்கு மேல் மெதுவாகத்தான் எழுதப்படுகிறதா, இல்லை நமக்குத்தான் பொறுமை குறைந்துவிட்டதா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: உங்கள் பொறுமையில் குறையே இல்லை. அன்றாடம் நாம் பயன்படுத்தும் மென்பொருளில் பெரும்பகுதி தேவையைவிட மெதுவாகத்தான் இருக்கிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதை எழுதிவிட்டார்: வன்பொருள் எவ்வளவு வேகமாகிறதோ, அதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டு போகிறது என்றார். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் கேட்டார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. 1,024 மடங்கு.

3 கிகாஹெர்ட்ஸ் சிப் ஒரு நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. நீங்கள் காத்திருந்த மூன்று நொடியில் 900 கோடி. ஒரு சன்னலையும் நாலு பட்டனையும் திரையில் வரைய இவ்வளவு தேவையே இல்லை. அப்படியானால் நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் சிப் கணக்குப் போடுவதில் போவதில்லை. எதற்காகவோ காத்துக் கிடப்பதில் போகிறது.

சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஏறக்குறைய 1 நானோநொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ரேமிலிருந்து என்றால் 100 நானோநொடி வரை. எஸ்எஸ்டி என்றால் 1 லட்சம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 1 கோடி. வெளியூர் சர்வரைக் கேட்டுப் பதில் வாங்க 3 கோடி. அந்த 1 நானோநொடியை 1 நொடியாக நீட்டிப் பாருங்கள்: ரேம் ஒன்றரை நிமிடம், எஸ்எஸ்டி ஒரு நாளுக்கு மேல், ஹார்ட் டிஸ்க் ஏறத்தாழ நான்கு மாதம், வெளியூர் சர்வர் கிட்டத்தட்ட ஒரு வருடம். திறக்கும்போதே நாலு சர்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலும் வரும்வரை கைகட்டி நிற்கும் புரோகிராமுக்கு 16 ஜிபி ரேம் இருந்தும் பயன் இல்லை.

எதற்காகக் காத்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் புரோகிராமைத் தொடங்குங்கள். டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. சிபியு, டிஸ்க் இரண்டும் சும்மா இருந்தால் பெரும்பாலும் நெட்வொர்க். சிபியு 12 அல்லது 13 சதவீதத்தில் அசையாமல் நின்றால் ஏமாறவேண்டாம். எட்டு லாஜிக்கல் பிராசஸர் (விண்டோஸ் தனித்தனியாக வேலை கொடுக்கும் பிரிவு) உள்ள மெஷினில் ஒன்று மட்டும் முழுக்கத் திணறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஏனென்றால் எட்டில் ஒரு பங்கு 12.5 சதவீதம். அங்கே நிரலே மோசம்.

எல்லா மெதுவும் வீண் என்றும் சொல்லமாட்டோம். 2018-ல் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளியே தெரிந்தபின், குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் (தனி நினைவகம் உள்ள தனி ஓட்டத்தில்) ஓட்டத் தொடங்கியது. ரேம் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. ஒரு தளம் பக்கத்து டேபில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்காமல் இருக்க அது நியாயமான விலை.

கேள்வி: “புரோகிராமர்கள் கவனமில்லாமல் எழுதுகிறார்கள்” என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆதாரத்தோடு ஒரே ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?
— பாலிடெக்னிக் மாணவர், மதுரை

பதில்: ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) ஆன்லைன் என்ற கணினி விளையாட்டு. பிசியில் அது லோட் ஆகப் பல நிமிடம் பிடிக்கும், ஆண்டுக்கணக்கில் இதே கதை. சர்வர் மெதுவு, நம் மெஷின் பழசு என்று விளையாடுபவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 2021 தொடக்கத்தில் ஒரு வெளி நிரலாளர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை அவ்வப்போது நிறுத்தி எந்த இடத்தில் நிற்கிறது என்று பதிவு செய்து பார்த்தார். நெட்வொர்க் சும்மா இருந்தது, டிஸ்க் சும்மா இருந்தது. ஒரு சிபியு கோர் (சிப்புக்குள் உள்ள ஒரு தனிக் கணக்குப் பிரிவு) மட்டும் நிமிடக்கணக்கில் முழுச் சுமையில் ஓடியது.

காரணம் இரண்டு. விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் 10 எம்பி அளவுள்ள ஜேசன் கோப்பாக (தரவை வெறும் எழுத்தாக அடுக்கும் வடிவம்) வருகிறது. சுமார் 63,000 பொருள்கள். அதை எஸ்ஸ்கேன்எஃப் என்ற சி மொழிச் செயல்பாட்டால் துண்டு துண்டாகப் படித்தார்கள். இந்தச் செயல்பாடு ஒரு சின்ன மதிப்பை எடுக்கும்போதும், மீதியுள்ள மொத்த எழுத்தும் எவ்வளவு நீளம் என்று கடைசிவரை போய் எண்ணிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நாலு எழுத்தைப் படிக்க 10 எம்பி எண்ணுவது, அதுவும் ஒவ்வொரு முறையும்.

அடுத்தது, படித்த பொருளைப் பட்டியலில் சேர்க்கும் இடம். ஏற்கெனவே இருக்கிறதா என்று, அதுவரை சேர்த்த எல்லாவற்றோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். 63,000-ஐ 63,000-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 198 கோடி ஒப்பீடு. தேடும் பொருளின் இடத்தை நேராகக் காட்டும் ஹேஷ் அட்டவணை ஒன்று வைத்திருந்தால் 63,000 தேடலோடு முடிந்திருக்கும்.

நீளத்தை ஒருமுறை எண்ணி நினைவில் வைத்துக்கொள்வது, ஒப்பீட்டை நீக்குவது, இவ்வளவுதான் அவர் செய்த திருத்தம். அவர் மெஷினில் 6 நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் ஒப்புக்கொண்டு 2021 மார்ச்சில் திருத்தத்தை வெளியிட்டது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

நீங்கள் கவனிக்கவேண்டியது, இது சோதனையில் ஏன் மாட்டாது என்பதைத்தான். பட்டியலில் 500 பொருள் மட்டும் இருந்தால் இதே நிரலுக்கு 1.25 லட்சம் ஒப்பீடுதான்; கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பட்டியல் 126 மடங்கு வளர்ந்தால் வேலை 126 மடங்கு வளராது, 15,876 மடங்கு வளரும். எழுதும் நாளில் சரியாகத் தெரிந்து, தரவு பெருகப் பெருகக் கழுத்தை நெரிக்கும் கோளாறு இது. உங்கள் புராஜெக்டைச் சோதிக்கும்போது பத்து வரிசைத் தரவோடு நிறுத்தாதீர்கள், ஒரு லட்சம் வரிசை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் எட்டு வருட பில்கள் இருக்கின்றன. சர்வர் கடையிலேயே இருந்தவரை அன்றைய பில் பட்டியல் உடனே வந்தது. மென்பொருள் போட்டுக்கொடுத்தவர்கள் அதை மும்பையில் உள்ள கிளவுட் சர்வருக்கு மாற்றியபிறகு 6 நொடி ஆகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்கினோம், பலன் இல்லை. மொபைல் எண்ணைப் போட்டு வாடிக்கையாளரைத் தேடுவது மாற்றுவதற்கு முன்பே மெதுவுதான். நாளுக்குச் சுமார் 200 பில் போடுவோம்.
— கடை மேலாளர், ஈரோடு

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது போகாது, தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் பட்டியல். உங்கள் மென்பொருள் பெரும்பாலும் இப்படி வேலை செய்கிறது: “இன்றைய பில்களைக் கொடு” என்று ஒரு கேள்வி, 200 பில் வந்ததும், ஒவ்வொரு பில்லுக்கும் “இந்த வாடிக்கையாளர் பெயர் என்ன” என்று தனித்தனியாக 200 கேள்வி. ஆக 201. சர்வர் கடையில் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லிநொடிகூட ஆகியிருக்காது, மொத்தம் 0.1 நொடி. யாருக்கும் தெரியவில்லை. மும்பைக்குப் போய்வர ஒரு கேள்விக்கு 30 மில்லிநொடி என்று வையுங்கள்: 201-ஐ 30-ஆல் பெருக்கினால் 6,030 மில்லிநொடி. உங்கள் 6 நொடி அதுதான்.

எம்பிபிஎஸ் கூட்டியது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் சில நூறு பைட்தான், குழாய் நிரம்புவதே இல்லை. தூரம்தான் தடை. ஈரோட்டிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 10 மில்லிநொடி கட்டாயம், எந்த நிறுவனத்தின் இணைப்பாலும் அதைக் குறைக்க முடியாது. நடுவில் உள்ள ரூட்டர்களும் சுற்றுவழியும் சேர்ந்து அது 25, 30 ஆகிறது.

உறுதிசெய்ய: பில் குறைவாக இருந்த ஒரு நாளைத் திறந்து பாருங்கள். 50 பில் உள்ள நாள் ஒன்றரை நொடியிலும், 200 உள்ள நாள் 6 நொடியிலும் வந்தால் சந்தேகமே வேண்டாம். மென்பொருள்காரரிடம் “மெதுவாக இருக்கிறது” என்று சொன்னால் சர்வரைப் பெரிதாக்கச் சொல்வார், பணம்தான் போகும். “பில்லையும் வாடிக்கையாளர் பெயரையும் ஜாயின் போட்டு ஒரே கேள்வியில் எடுங்கள்” என்று சொல்லுங்கள். 201 பயணம் ஒன்றாகிவிடும்.

இனி மொபைல் எண் தேடல். டேட்டாபேஸ் அட்டவணையில் மொபைல் எண் உள்ள பத்திக்கு (நெடுவரிசைக்கு) இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் சொல்லடைவு போன்ற வரிசைப் பட்டியல், போடாமல் விட்டிருப்பார்கள். இண்டெக்ஸ் இல்லையென்றால் டேட்டாபேஸ் முதல் வரிசையிலிருந்து கடைசிவரை படித்தாகவேண்டும். இருந்தால் பத்து லட்சம் வரிசையிலும் மூன்று நான்கு பக்கத்தைப் படித்து எடுத்துவிடும். உங்கள் டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்றால், தேடலை எப்படிச் செய்கிறது என்று காட்டும் எக்ஸிகியூஷன் பிளானைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: “ஸ்கேன்” என்று வந்தால் முழுவதும் படிக்கிறது, “சீக்” என்று வந்தால் நேராகப் போய் எடுக்கிறது.

இண்டெக்ஸ் போட்ட பிறகும் ஸ்கேன் என்றே வந்தால் பார்க்கவேண்டிய இடம் இரண்டு. “கடைசி நாலு எண்ணைக் கொண்டு தேடு” என்ற வசதி இருந்தால், முன்பகுதி தெரியாததால் இண்டெக்ஸ் உதவாது. கடைசி நாலு எண்ணுக்குத் தனிப் பத்தி வைத்து அதற்கு இண்டெக்ஸ் போடவேண்டும். அடுத்தது வகை மாறுதல்: மொபைல் எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டு, தேடும்போது எண்ணாக அனுப்பினால், ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றிப் பார்க்கவேண்டியிருக்கும். இண்டெக்ஸ் இருந்தும் வீண். இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் விடை சரியாகவே வரும்.

அதற்காக எல்லாப் பத்திக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடக்கூடாது. பில் போடும் ஒவ்வொரு முறையும் அத்தனை இண்டெக்ஸையும் புதுப்பிக்கவேண்டும். தேடும் பத்திகளுக்கு மட்டும் போதும். எஸ்க்யூஎல் சர்வரின் இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் 2019, 2022 பதிப்புகளில் டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டமுடியாது. தரவை வைத்துக்கொள்ள ஏறக்குறைய 1.4 ஜிபி ரேம்தான் எடுத்துக்கொள்ளும். சர்வரில் 32 ஜிபி ரேம் போட்டாலும் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

கேள்வி: ரேம் கூட்டினால் வேகம் கூடுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பற்றாக்குறை இருந்தால் மட்டும். வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய ரேம் எதையும் மாற்றாது. உங்கள் மெஷினில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்தப் பணத்தில் சாட்டா (ஹார்ட் டிஸ்க் பொருந்தும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் அங்கும் இங்கும் சிதறிய சின்னச் சின்னத் தரவை நொடிக்கு நூறு முறை அளவில்தான் படிக்கும். எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை படிக்கும். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை.

கேள்வி: அலுவலகத்தில் கட்டாயம் வைத்திருக்கச் சொல்லும் சாட் செயலி 600 எம்பி ரேம் எடுக்கிறது. எழுத்து அனுப்பும் செயலிக்கு இவ்வளவு எதற்கு?
— கணக்காளர், திருநெல்வேலி

பதில்: அது எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டதாக இருக்கும். 2013-ல் கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கியது. குரோமின் உள்ளே இருக்கும் குரோமியம் பிரவுசரையே ஒவ்வொரு செயலியும் தன்னோடு சேர்த்துக் கொண்டுவருகிறது. அப்படி மூன்று செயலி வைத்திருந்தால், உங்கள் குரோமையும் சேர்த்து நாலு பிரவுசர் ஓடுகிறது. ஒன்றின் நினைவகத்தை மற்றது பகிர்ந்துகொள்ளாது.

நிறுவனங்கள் இதை விரும்பக் காரணம் புரிகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே குழு ஒருமுறை எழுதினால் போதும். செலவு அவர்களுக்கு மிச்சம். ரேமும் பேட்டரியும் நம் கணக்கில். அதே எலெக்ட்ரானில் எழுதிய விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டர் தாங்கும் அளவு வேகமாக இருக்கிறது, ஏனென்றால் அதை எழுதுபவர்கள் விடாமல் அளந்து திருத்துகிறார்கள். ஆகவே பழியை முழுக்க அடித்தளத்தின் மேல் போடமுடியாது. எழுத்து அனுப்பும் செயலிக்கு 600 எம்பி என்பது கவனக்குறைவுதான்.

நீங்கள் செய்யக்கூடியது: அந்தச் சேவைக்கு இணையதள வடிவம் இருந்தால் செயலியை நீக்கிவிட்டு அதைக் குரோமிலோ எட்ஜிலோ திறந்து, மெனுவில் உள்ள “இன்ஸ்டால்” வசதியால் தனிச் சன்னலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடும் பிரவுசரையே அது பகிர்ந்துகொள்ளும். செயலிதான் வேண்டும் என்றால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அது தானாகத் தொடங்குவதையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: பைத்தான் மெதுவான மொழி என்கிறார்களே, நான் சி கற்கவேண்டுமா?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: எவ்வளவு மெதுவு என்பதற்கு நல்ல அளவீடு ஒன்று இருக்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. 4,096-க்கு 4,096 அளவுள்ள இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கவேண்டும். 18 கோர் மெஷினில், மூன்று லூப் போட்டு பைத்தான் 2-ல் எழுதியபோது 7 மணி நேரம் ஆனது. அதே லூப் ஜாவாவில் 40 நிமிடம், சி மொழியில் 9 நிமிடம். சி நிரலையே எல்லா கோருக்கும் பிரித்து, கேஷுக்கு ஏற்ற துண்டுகளாக வெட்டி, ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிப்பின் வெக்டர் கட்டளைகளைப் பயன்படுத்தியபோது 0.41 நொடி. மொத்தம் 60,000 மடங்குக்கு மேல்.

இதில் மொழியை மாற்றியதால் கிடைத்தது 47 மடங்கு. மீதி ஆயிரம் மடங்குக்கு மேல், மெஷினைப் புரிந்து எழுதியதால் கிடைத்தது. ஆகவே சி கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் சி-யில் எழுதினாலே வேகம் வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். பைத்தானிலேயே நம்பை என்ற கணித நூலகத்தைக் கொண்டு பெருக்கினால், உள்ளே ஓடுவது அப்படிச் செதுக்கப்பட்ட நிரல்தான். அன்றாட வேலையில் முதலில் சி-புரொஃபைல் என்ற அளவிடும் கருவியைப் போட்டு எந்தச் செயல்பாடு நேரம் தின்கிறது என்று பாருங்கள். லிஸ்டில் ஒன்று இருக்கிறதா என்று லூப்புக்குள் தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி மாட்டும் குற்றவாளி. அந்த லிஸ்டை செட்டாக (உள்ளே ஹேஷ் அட்டவணை உள்ளது) மாற்றுவது ஒரு வரி வேலை. ஜிடிஏ-வில் நடந்ததும் இதே தவறுதான்.

கேள்வி: போன் வாங்கி இரண்டு வருடம் ஆனால் மெதுவாகிறதே, வேண்டுமென்றே செய்கிறார்களா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு முறை நடந்தது உண்மை. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் சிப் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின் தேவையைத் தாங்கமுடியாமல் போன் அணைந்துவிடுவதைத் தடுக்க என்றது. சொல்லாமல் செய்ததுதான் தவறு. பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பியது.

ஆண்ட்ராய்டில் வழக்கமான காரணம் சேமிப்பகம் நிரம்புவது. ஃபிளாஷ் சிப்பில் காலி இடம் குறைந்தால், புதிதாக எழுதுமுன் பழையதை நகர்த்தி அழிக்கவேண்டும். 15 முதல் 20 சதவீதம் காலியாக வையுங்கள். இன்னொன்று, அனிமேஷன். அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் சன்னல், மாற்றம், அனிமேட்டர் என்ற மூன்று அளவுகளையும் 0.5 ஆக்குங்கள். இது நிஜ வேகத்தைக் கூட்டாது, வேண்டுமென்றே சேர்த்த காத்திருப்பைப் பாதியாக்கும். செலவில்லாமல் கிடைப்பதை ஏன் விடவேண்டும்?

கேள்வி: தமிழில் ஒரு இலக்கியத் தளம் நடத்துகிறேன். கிராமத்தில் படிப்பவர்கள், பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது என்கிறார்கள். யூனிகோடில் தமிழுக்கு மூன்று பைட் என்பதாலா?
— தள ஆசிரியர், புதுச்சேரி

பதில்: அதனால் இல்லை. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பது சரி. ஆனால் அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஜிஜிப், பிராட்லி என்ற சுருக்க முறைகள் இரண்டும் நன்றாகச் சுருக்கும். 1,500 சொல் கட்டுரை சுருக்குமுன்னேகூட ஏறக்குறைய 40 கேபிதான். சர்வரில் சுருக்கம் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்: பிரவுசரில் எஃப்12, நெட்வொர்க், பக்கத்தின் பெயரைத் தட்டினால் “கன்டென்ட் என்கோடிங்” என்ற வரி இருக்கவேண்டும்.

வெள்ளையாக நிற்பதற்குக் காரணம் எழுத்துருவாக இருக்கலாம். தளத்துக்கென்று தனி எழுத்துரு வைத்தால், அது இறங்கும்வரை பிரவுசர் 3 நொடி வரை எழுத்தை மறைத்து வைக்கும். கட்டுரை வந்து சேர்ந்திருக்கும், வாசகர் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துரு அறிவிப்பில் “ஃபான்ட் டிஸ்பிளே” என்பதை “ஸ்வாப்” என்று வையுங்கள். போனில் உள்ள தமிழ் எழுத்துருவில் உடனே தெரிந்து, பிறகு மாறிக்கொள்ளும். கோப்பை டிடிஎஃப் வடிவத்தில் விடாமல் டபிள்யூஓஎஃப்எஃப்2 (இணையத்துக்கான சுருக்கிய எழுத்துரு வடிவம்) ஆக்குங்கள். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. சாதாரணம், தடிப்பு இரண்டு போதும்.

அடுத்து, அதே நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி-க்குக் குறைத்து, கேஷை அணைத்து, பக்கத்தைத் திறங்கள். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பவை படங்களும், பகிர்வுப் பட்டன், விளம்பரம், பார்வையாளர்களை எண்ணும் கருவி ஆகியவற்றின் ஸ்கிரிப்டுகளும்தான். தலைப்பகுதியில் உள்ள ஸ்கிரிப்டுகள் இறங்கி ஓடி முடியும்வரை பிரவுசர் பக்கத்தை வரையாமல் நிற்கும். அவற்றுக்கு, பக்கத்தைப் படித்து முடித்தபின் ஓடச் சொல்லும் “டிஃபர்” என்ற சொல்லைச் சேருங்கள். பகிர்வுப் பட்டனுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம், சாதாரண இணைப்பு போதும். 360 பிக்சல் அகலத்தில் தெரியும் படத்துக்கு 4,000 பிக்சல் கோப்பை ஏற்றாதீர்கள்; 800 பிக்சலில் வெப்பி என்ற நன்றாகச் சுருங்கும் பட வடிவத்தில் வைத்தால் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும்.